வெறும் ஈயச் சொம்பு

“சாமி, என் கோபத்தை நீங்க இன்னைக்கே எடுத்துப் போட்டாகணும்” என்றார் ஆவுடையப்பன்.

மடத்துச் சீடர்களிலேயே வயதில் மூத்தவர் அவர். குருவுக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு. அதனால் குரு அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“இன்னைக்கு என்ன அவசரம், அண்ணாச்சி?”

“மக உலகம்மை சாப்பாட்டுக்கு வாரா. நான் கத்தின கத்துல வருசக்கணக்கா மூஞ்சி குடுக்காதவ. இன்னைக்கும் வாயைத் திறந்து கெடுத்துட்டேன்னா அவ்வளவுதான், பொறவு வரவே மாட்டா.”

“அப்போ ரசம் வைங்க.”

ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞானம் கேட்டாலும் ரசம், நிம்மதி கேட்டாலும் ரசம். இது என்ன மடமா, மெஸ்ஸா?

“வைக்கேன். ஆனா எவர்சில்வர்லதான் வைப்பேன். தீ பட்டா இளகுற ஈயச் சொம்பை எவனாவது அடுப்புல ஏத்துவானா?”

“ஈயத்துல வச்சாத்தான் ருசி. எவர்சில்வர் தீக்கும் அசையாது, ரசத்துக்கும் அசையாது.”

முணுமுணுத்துக்கொண்டே அடுக்களைக்குள் போனார். ஈயச் சொம்பையே அடுப்பில் வைத்தார். தீயைக் கூட்டினார். புளி கரைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புளிப்பானை இருந்த இடத்தில் இல்லை.

மாற்றி வைத்தது யார் என்று கத்த ஆரம்பித்தார். கத்தி முடிப்பதற்குள் சொம்பின் அடி இளகி, பளபளவென்று அடுப்பில் ஒழுகிவிட்டது.

குரு வந்து எட்டிப் பார்த்தார்.

“பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன். தீயில நிக்காத சவத்து ஈயம்!”

“நேத்து நின்னுச்சே.”

“நேத்து...”

“தீ குறைச்சலா இருந்துச்சோ?”

“இதே தீதான்.”

“பொறவு?”

“நேத்து உள்ள புளித்தண்ணி இருந்துச்சு!” என்று சிடுசிடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

குரு அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உலகம்மை செருப்போடு படியிலேயே நின்றாள்.

“தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. இங்கேயும் அதே கத்தல்தானாப்பா? நான் இப்படியே கெளம்புதேன்.”

ஆவுடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. புளிப்பானையை மாற்றி வைத்தவனைத் திட்டும் வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினார்.

“என் தப்புதாம்மா. வெறுஞ்சொம்பை அடுப்புல வச்சு உருக்கிட்டேன். ரசம் இல்ல. மோர் இருக்கு. சாப்பிடுதியா?”

உலகம்மை அவரையே பார்த்தாள். அப்பா எதையும் தன் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

குனிந்து செருப்பைக் கழற்றினாள்.