சரளைப் பாதையில் இரண்டு மூச்சு

ஒரு மலைக்காட்டில் கருந்திமிலன் என்று ஒரு காட்டெருமை இருந்தது. அந்தக் கோடையில் மேல்காட்டுச் சுனைகள் எல்லாம் வற்றிவிட்டன. அடிவாரத்தில் மிஞ்சியது ஒரே ஒரு குட்டை. சாயங்காலமானால் மிருகங்கள் எல்லாம் வரிசை கட்டி அந்தக் குட்டைக்கு இறங்கும்.

பாதை ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம், காலடியில் சரளைக்கல்.

அந்த இறக்கத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவரின் வால் ஒரு மரத்தைத் தாண்டியதும், பின்னால் வருகிறவர் நிதானமாய் ஒரு மூச்சு இழுத்து விடவேண்டும். அதற்கப்புறம்தான் அந்த மரத்தைத் தாண்டலாம். கனத்த உடம்புக்காரர்களுக்கு இரண்டு மூச்சு.

கருந்திமிலன் அந்த வழக்கத்தைத் தவறாமல் கடைப்பிடித்தது. அதனால் என்ன கிடைத்தது? சேறு கிடைத்தது. முதலில் இறங்கினவர்களுக்குத் தெளிந்த தண்ணீர், பிந்தினவர்களுக்குக் கலங்கின அடிச்சேறு. கருந்திமிலன் இடம் விட விட, சின்ன உடம்புக்காரர்கள் பாறை ஓரமாய் வந்து அந்த இடத்தில் புகுந்துகொண்டார்கள். புகுந்தவர்களுக்கும் இடம் விட வேண்டுமே என்று அது இன்னும் மெதுவாய் நடக்கும். அந்த இடத்தில் இன்னொருவர் புகுவார்.

"என்ன மாமா, முன்னால இவ்வளவு இடம் யாருக்கு? சம்பந்தி வர்றாரா?" என்று கேட்டது ஊளையன் என்கிற நரி.

"இறக்கம்டா. என் உடம்பு நிக்க இடம் வேணும்."

"நீங்க நிக்கிறப்போ நான் நகர்ந்துக்கிறேன்" என்று சொல்லி நரி உள்ளே புகுந்தது.

பின்னாலிருந்து ஒரு காட்டுப்பன்றி கத்தியது. "யோவ், ஊருக்கெல்லாம் வழி விட்டுக்கிட்டே போனா நாங்க எப்பய்யா தண்ணி குடிக்கிறது? நடய்யா!"

கருந்திமிலனுக்கு நாக்கு தடித்துப்போயிருந்தது. குடித்த சேறு வயிற்றில் கட்டியாய் நின்றது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் கால் மடங்கி விழுந்துவிடுவோம் என்று அதற்கே தெரிந்தது.

மறுநாள் அது சீக்கிரமே வந்து வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் செம்புள்ளி என்கிற மான். செம்புள்ளிக்குப் பின்னால், தாயின் வாலைப் பார்த்தபடி, அதன் குட்டி. இன்றைக்கு ஒருத்தனுக்கும் இடம் விடுவதில்லை என்று கருந்திமிலன் முடிவு கட்டிவிட்டது. குட்டியை ஒட்டியே நடந்தது.

செம்புள்ளி திரும்பிப் பார்த்தது. "அண்ணே, உங்க மூச்சு எம்புள்ள முதுகுல படுது. கொஞ்சம் தள்ளி வாங்களேன்."

"தள்ளி வந்தா நரி புகுந்துரும் தாயி. நீ பயப்படாதே. என் கண்ணு ரெண்டும் உன் பிள்ளை மேலதான் இருக்கு."

"கண்ணு இருக்கு அண்ணே. காலு?"

"எத்தனை கோடையா இந்த இறக்கத்துல நடக்கிறேன்? என் காலைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

செம்புள்ளி வேகமாய் நடந்து பார்த்தது. முன்னால் முள்ளம்பன்றி போய்க்கொண்டிருந்தது. அதை எப்படி ஒட்டி நடப்பது? தன் மூச்சளவு இடம் விட்டுத்தான் நடந்தது.

நரி பாறை ஓரமாய் வந்து மூக்கை நீட்டியது. நுழைய விரலளவும் இடமில்லை.

"மாமா இன்னைக்கு முழிச்சுக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனது.

கருந்திமிலனுக்கு அது கேட்கச் சுகமாய் இருந்தது. கீழேயிருந்து தண்ணீர் வாசம் வந்தது. தெளிந்த தண்ணீரின் வாசம். அதன் கால்கள் தானாகவே வேகம் பிடித்தன.

பாதை வளைகிற இடத்தில், வரிசைக்கு முதலாவதாய்ப் போன யானை சட்டென்று நின்றது. மேலேயிருந்து சரிந்த ஒரு பாறை வழியில் கிடந்தது. முள்ளம்பன்றி நின்றது. செம்புள்ளி நின்றது. குட்டியும் நின்றது. அவரவர் விட்டிருந்த இடத்துக்குள் அவரவர் நின்றுகொண்டார்கள்.

கருந்திமிலன் பார்த்தது. பார்க்காமல் இல்லை. பார்த்த கணமே குளம்புகளை ஊன்றியது. ஆனால் அந்த இறக்கத்தில் கால் நிற்கச் சொன்னால் உடம்பு கேட்குமா? குன்று மாதிரி கனத்த அதன் உடம்பு, அதன் கால்களையே சரளையோடு வாரித் தள்ளிக்கொண்டு முன்னால் போனது.

குட்டி கத்தக்கூட இல்லை. பள்ளத்தில் கற்கள் உருளும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

யானை பாறையைத் தும்பிக்கையால் நெட்டித் தள்ளியது. முன்வரிசை நகர்ந்தது. செம்புள்ளி நகரவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தேன் தாயி" என்றது கருந்திமிலன். "சத்தியமா பார்த்தேன்."

"தெரியும் அண்ணே. நீங்க பார்த்தப்போ அவன் உயிரோடதான் இருந்தான்."

செம்புள்ளி மறுபடி பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

நரி மெதுவாய் வந்து கருந்திமிலனின் காதருகே சொன்னது. "குட்டி திடீர்னு நின்னுருச்சு. அதுக்கு நீங்க என்ன மாமா பண்ணுவீங்க?"

"அது நிக்க அதுக்கு இடம் இருந்துச்சு, நின்னுச்சு. நான் நிக்க இடமில்லே. அந்த இடத்தைத் தின்னவன் நான்தான்டா."

அன்றைக்குக் கருந்திமிலன் குட்டைக்குப் போகவில்லை.

மறுநாள் வரிசையில் அது இரண்டு மூச்சு இடம் விட்டு இறங்கியது. நரி புகுந்தது. கருந்திமிலன் நடையைக் குறைத்து, மறுபடி இரண்டு மூச்சு இடம் விட்டது. இரண்டு முயல்கள் புகுந்தன. அவற்றுக்கும் விட்டது. பின்னாலிருந்து காட்டுப்பன்றி வாய்க்கு வந்தபடி ஏசியது. குட்டைக்கு வந்தபோது தண்ணீரின் தெளிவெல்லாம் போய் அடிச்சேறுதான் கிடந்தது. கால் மடித்துக் குனிந்து, அதைக் குடித்தது.

கண் பார்த்ததும் உடம்பு நின்றுவிடாது. நிற்பதற்கு இடம் விடாமல் முன்னால் போகிறவரை ஒட்டிப் போகிறவன், எவ்வளவு கவனமாய்ப் பார்த்தாலும் ஒரு நாள் ஓர் உயிரைக் கொல்வான்.