ஆளுநர் கோமதிக்கு எழுதிய ஏழாவது கடிதம்

“சாமி, என் பெண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடுவாளா, மாட்டாளா? அதை மட்டும் சொல்லுங்க.”

கேட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. வடக்கே ஒரு மலை மாநிலத்துக்கு ஆளுநர். மேதகு சுடலைமுத்து. வயது எழுபத்திரண்டு. அவர் உள்ளே நுழைந்தால் சட்டமன்றமே எழுந்து நிற்கும்.

பதில் சொல்ல வேண்டியவர் செண்பகச் சாமி. குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையும் இரண்டு பசுவும்தான் அவர் ஆசிரமம். முன்பு பஸ் ஓட்டியவர். ஆளுநரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் முப்பது வருஷமாக ஆளுநர் இவர் முன்னால் தரையில்தான் உட்காருவார்.

சாமி பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்படி என்ன வே செஞ்சீரு?”

கூட வந்த இன்ஸ்பெக்டருக்கு அந்த ‘வே’ தூக்கிவாரிப் போட்டது. ஆளுநருக்கோ குளுகுளுவென்று இருந்தது. அஞ்சு வருஷமாக யாரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லை, பாவம்.

“ஒண்ணுமே செய்யலயே சாமி!”

அது பொய்யும் இல்லை. நல்ல மனுஷன்தான். இருபது வயதில் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டினார். கவுன்சிலர் தேர்தலில் நின்று தோற்றார். மறுபடி நின்று ஜெயித்தார். மூன்று தடவை எம்.எல்.ஏ., இரண்டு வருஷம் மந்திரி. கடைசித் தேர்தலில் டெபாசிட்டே போய்விட்டது. அடடா, பெரியவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று கட்சி பார்த்து ஆளுநராக்கியது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் மனுத்தாக்கல் செய்துவிட்டு, மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்து, “கோமு, நான் நிக்கேன்” என்பார். கோமதி “சரி” என்பாள். பின்னாலேயே வந்த கூட்டத்துக்கெல்லாம் காபி போடுவாள்.

ஆளுநர் ஆனதை அவள் டி.வி.யில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவர் போன் வருவதற்குள் தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போயிருந்தது.

“நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

“நடுவுல வந்து பாத்தீரா?” என்று கேட்டார் சாமி.

“ரெண்டு தடவை வந்தேன். பதினஞ்சு காரு, துப்பாக்கி, மோப்ப நாய். நாய் அடுப்படியில மூக்கை நீட்டிச்சு பாருங்க, என்னையும் சேர்த்து வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டா.”

“லெட்டர் போட்டீரா?”

“ஆறு போட்டேன்.”

“பதில்?”

ஆளுநர் சட்டைப்பையிலிருந்து ஒரு அஞ்சலட்டையை எடுத்து நீட்டினார். சாமி கண்ணைச் சுருக்கி வாசித்தார். “தங்கள் கடிதங்கள் கிடைக்கப்பெற்றன. பரிசீலனையில் உள்ளன. இப்படிக்கு, சு. கோமதி.”

சாமி சிரித்த சிரிப்பில் பசு மிரண்டு ஒதுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

“சிரிக்காதீங்க சாமி. இது ஏழாவது. இதுலயாவது மனசு இளகுமான்னு பாத்துச் சொல்லுங்க.” ஆளுநர் ஒரு உறையைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“அன்புடையீர், மேதகு ஆளுநர் அவர்களின் பதவிக்காலம் எதிர்வரும் பதினேழாம் நாள் நிறைவடைவதையொட்டி, அன்னார் தமது சொந்த இல்லத்திற்குத் திரும்பவுள்ளார் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறேன்...”

“போதும், போதும். யாரு எழுதினது?”

“என் செயலாளர். தங்கமான மனுஷன். அங்க எல்லாமே அப்படித்தான் சாமி. சட்டசபையில நான் வாசிக்கிற உரையே மந்திரிங்க எழுதிக் குடுக்கிறதுதான். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அப்படியே பழகிப்போச்சு.”

“அப்போ அந்தம்மா யாருக்கு வே பதில் போடணும்?”

ஆளுநர் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். கண் கலங்கிவிட்டது.

“பயமா இருக்கு சாமி. பதினேழாம் தேதி அந்த மாளிகையை விட்டு எறங்கினா, எனக்குப் போக வேற எடம் இல்ல. கட்சி எங்கயாவது ஒரு பங்களா பாத்துக் குடுக்கும். அவ இல்லாத பங்களாவுல நான் என்ன செய்ய?”

சாமி கையைக் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வண்டியை எடுக்கச் சொல்லும். நானும் வாரேன்.”

கொடி கட்டிய காரில் சாமி முன்னால் ஏறிக்கொண்டார். வழி நெடுக டிரைவரிடம், “வளைவுல இப்படியா தம்பி ஒடிப்பாங்க?” என்று ஒரே நச்சரிப்பு. கடையநல்லூரில் கோமதியின் தெரு முக்கு வந்ததும், “நிறுத்து” என்றார்.

“எறங்கும் வே.”

ஆளுநர் இறங்கினார். பின்னால் வந்த கார்களிலிருந்தும் திமுதிமுவென்று இறங்கினார்கள்.

சாமி பின் சீட்டுக்கு மாறி, ஆளுநர் உட்கார்ந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “எல்லாரும் என்கூட நில்லுங்கய்யா. கவர்னர் இங்கதான் இருக்காருன்னு வச்சுக்கிடுங்க.”

“ஐயா, அது விதிப்படி...” என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார். ஆளுநர் அவரைக் கையமர்த்திவிட்டு, கார் ஜன்னலில் குனிந்தார்.

“சாமி, அங்க போய் என்ன சொல்லணும்? ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன்.”

சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லை. மனுஷன் நடந்தார். தனியாகத் தெருவில் நடந்து எத்தனை காலம்! கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார். குழாயடியில் நின்ற பெண்கள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

கேட் சாத்தியிருந்தது. உள்ளே கோமதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“மெலிஞ்சு போயிட்டீங்க.”

“அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கல.”

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கோமு, வர்ற பதினேழாம் தேதியோட நான்...” என்று ஆரம்பித்தார்.

“பேப்பர்ல போட்டிருந்தான்.”

மீதி வார்த்தையை அவர் விழுங்கிக்கொண்டார். காது மடல் சிவந்துபோயிற்று.

“கோமு... நான் இங்க வரட்டுமா?”

கல்யாணமாகி நாற்பத்தி நாலு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

கோமதி பேப்பரை மடித்தாள். மெதுவாக, ஓரம் சேர்த்து மடித்தாள்.

“வந்து?”

எதிர்க்கட்சி எழுந்து நின்று கத்தியபோதும் சளைக்காமல் பதில் சொன்னவர் அவர். பத்திரிகைக்காரன் மைக்கை நீட்டினால் கேள்வி முடியுமுன்னே பதில் வரும். இப்போது எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை.

“தெரியல, கோமு” என்றார்.

அவள் எழுந்து வந்தாள். கேட் கொண்டியைத் தூக்கினாள்.

“எனக்கும்தான் தெரியல. உள்ள வாங்க.”