பெஞ்சுக்கு அடியில்

நாடகத்துக்கு ஒரே ஆசிரியை போதாததால், கணக்கு வாத்தியார் முத்தழகின் தலையில் எட்டாம் வகுப்பின் நாடக வகுப்பும் விழுந்தது. தன்னைவிட இருபது வயது இளையவளான நாடக ஆசிரியை எஸ்தரிடம் வெட்கப்படாமல் பாடம் கேட்டுக்கொண்டார். அவள் கற்றுக்கொடுத்த முதல் விளையாட்டுக்கு ஒரே விதி. கூட நடிப்பவர் எதைச் சொன்னாலும் மறுக்கக் கூடாது; அது நடந்ததாகவே வைத்துக்கொண்டு உடனே நடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் அதை நடத்தினார். ஒரு பையன், "ஏய், உங்கப்பா வந்துட்டாரு" என்றான். எதிரே நின்ற மகிழ்மதி சட்டென்று பெஞ்சுக்கு அடியில் புகுந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. முத்தழகும் சிரித்தார்.

"பிரமாதம்! இன்னொரு தடவ செய்" என்றார்.

செய்தாள். மூன்றாவது தடவையும் கேட்டார், பாவி மனுஷன். அதையும் செய்தாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அப்பன் அடித்ததில் மண்டை உடைந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள், இன்னும் கண் திறக்கவில்லை என்று தகவல் வந்தது.

முத்தழகு எஸ்தரைத் தேடி ஓடினார். அவள் காலி வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் செய்தி தெரிந்திருந்தது.

"நடிப்புன்னுதான் டீச்சர் நெனச்சேன். அந்தப் பொண்ணாவது வாயத் தொறந்திருக்கலாம். ரெண்டாவது தடவ கேட்டப்பவாவது மாட்டேன் சார்னு சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல?"

அந்த விதியைக் கொடுத்தவள் எஸ்தர். எழுந்து ஒரு பெஞ்சைக் காட்டினாள்.

"அதுக்கு அடியில போங்க சார்."

"என்னது?"

"போங்க. தலையப் பொத்திக்குங்க."

சிரமப்பட்டுக் குனிந்து புகுந்தார். வராந்தாவில் போன இரண்டு பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"வெளிய வாங்க. இன்னொரு தடவ."

புகுந்தார். முட்டி விண்ணென்று வலித்தது.

"இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை வெளியே வந்தபோது சட்டையெல்லாம் தூசி. அவமானத்தில் கண் கலங்கியிருந்தது.

"ஏன் சார் மாட்டேன்னு சொல்லல?"

"நீங்க சொல்றப்ப... எப்படி டீச்சர்..."

"உங்களுக்கு அம்பத்துமூணு வயசு சார்" என்றாள் எஸ்தர். "அவளுக்குப் பதிமூணு."