வெள்ளத்தில் உருண்ட முள்ளெலி

மழை விட்டு வெயில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு காட்டில் கிட்டான் என்றொரு முள்ளெலி இருந்தது. நல்ல பொருள் எது கிடைத்தாலும் அதை ஆழமாக ஒளித்து வைக்காவிட்டால் கிட்டானுக்குத் தூக்கமே வராது.

ஒரு நாள் காலையில் மீன்கொத்தி அலறிக்கொண்டு பறந்து வந்தது.

“கிட்டா! ஓடைக்கரையில் வெள்ளெலியின் வளைக்குள் செவ்வெறும்புப் படை புகுந்துவிட்டது! மேல்வாசலை மழை இடித்து மூடிவிட்டது. கண்கூடத் திறக்காத குட்டிகளை வைத்துக்கொண்டு தாய் தவிக்கிறாள்!”

எறும்பு என்றதும் கிட்டானின் நாவில் நீர் ஊறியது. குட்டிகள் என்றதும் நெஞ்சு பதறியது. வெள்ளெலி அதன் உயிர்த் தோழி ஆயிற்றே!

வளைக்குள் போக ஒரே வழிதான் மிச்சம். செங்குத்தான கரையில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு பொந்து இருந்தது. வெள்ளம் சீறும் ஓடையில் மிதந்து போய்த்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

“பந்தாகச் சுருண்டு மிதப்பேன். பொந்து வந்ததும் நகத்தால் பிடித்துக்கொள்வேன்” என்றது கிட்டான்.

“அந்த வேகத்தில் உடம்பை விரித்தால் மூழ்கிப் போவாய்! முதலில் வேகம் குறைய வேண்டாமா?” என்றது மீன்கொத்தி.

கிட்டான் யோசித்தது. அருகே நாயுருவிச் செடிகள் நின்றன. அவற்றின் விதைகள் எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். கரை முழுக்கச் சல்லிவேர்கள் தொங்கின.

“விதைகளைப் பறித்து என் முட்களுக்கு நடுவே செருகு. அவை வேர்களில் ஒட்டி என் வேகத்தைக் குறைக்கும். அடியில்! இன்னும் அடியில்! நுனியில் வைத்தால் தண்ணீர் கொண்டு போய்விடும்.”

மீன்கொத்தி செருகி முடித்ததும் கிட்டான் ஓடையில் குதித்தது. கரை வந்தது, முட்களை உரசியது, வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று.

“கிட்டா, நில்!” என்று பொந்திலிருந்து வெள்ளெலி கத்தியது.

“நிற்கத்தான் பார்க்கிறேன், அம்மணி!” என்று கத்திக்கொண்டே கிட்டான் அதைக் கடந்து போனது.

நல்ல வேளை, ஓடையின் குறுக்கே விழுந்து கிடந்த மரம் ஒன்று அதைத் தடுத்தது. கிட்டான் கரையேறி உடம்பைச் சிலிர்த்தது.

“எந்த ஊருக்குப் பயணம்?” என்று மீன்கொத்தி சீண்டியது.

கிட்டான் தன் முட்களைத் திரும்பிப் பார்த்தது. அடியில் இருந்த விதைகள் வைத்தது வைத்தபடி பத்திரமாக இருந்தன. ஒன்றில்கூட வேர் சிக்கவில்லை. எப்படியோ நழுவி நுனிக்கு வந்திருந்த ஒரே ஒரு விதையில் மட்டும் வேர்கள் கொத்தாகச் சுற்றியிருந்தன.

“அட, என் புத்தியே! கரையைத் தொடுவது என் முள்நுனி. நானோ ஒட்டுகிற விதையை அடியில் புதைத்து வைத்திருக்கிறேன்!”

மூச்சிரைக்க மேலே ஓடி, நாயுருவிப் புதரில் விழுந்து புரண்டது. முள்நுனி எல்லாம் விதை.

“பாதி போய்விடுமே?” என்றது மீன்கொத்தி.

“போனால் போகட்டும்! குட்டிகள் பிழைக்கட்டும்!”

மறுபடி குதித்தது. விதைகள் சில போகத்தான் போயின. கிட்டானுக்கு வயிறு எரிந்தது. ஆனால் கரை வந்ததும் ஒரு விதை வேரைப் பற்றியது. அது விடுவதற்குள் இன்னொன்று பற்றியது. பிறகு மற்றொன்று. கிட்டான் கரையோடு ஒட்டி ஒட்டி உருண்டது. உருள உருள வேகம் குறைந்தது. பொந்தின் அருகே ஏறக்குறைய நின்றேவிட்டது.

“நகங்களே, இப்போது உங்கள் முறை!”

சட்டென்று உடம்பை விரித்து, நகங்களை ஈர மண்ணில் அழுத்தி ஊன்றியது. ஒரே தாவலில் பொந்துக்குள் நுழைந்தது. பிறகென்ன? எறும்புப் படைக்கு அன்று போதாத காலம். வளை முழுக்க ‘சப்பு சப்பு’ என்று சத்தம் கேட்டது.

சத்தம் அடங்கியதும் வெள்ளெலி குட்டிகளை எண்ணிப் பார்த்தது. எல்லாம் இருந்தன. அது ஆனந்தத்தில் அழுதே விட்டது.

“உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன், கிட்டா?”

கிட்டான் வயிற்றைத் தடவிக்கொண்டு பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது.

“ஒரு நாள் விருந்துக்குக் கூப்பிடு, அம்மணி. இன்று மட்டும் வேண்டாம்!”

நீதி: நல்ல பொருளும் உரிய இடத்தில் இருந்தால்தான் உதவும்.