பாத்துமுத்து வாயைத் திறக்காத நாள்

ஒரு ஊர்ல ஒரு பாத்துமுத்து இருந்தா. கடற்கரை ஊரு. அவ வாயைத் திறந்தா லொடலொடலொடன்னு தெருமுனையில ஆரம்பிச்சு பள்ளிவாசல் கிட்ட போய்த்தான் மூச்சு விடுவா. நல்ல மனசுக்காரிதான். ஆனா பேச்சு முதல்ல வந்துடும், யோசனை பின்னாடி ஓடி வரும். தூங்கிடாம ம் சொல்லு என் செல்ல வாப்பா.

ஒரு நாள், "மீன்கார உதுமான் காக்காவோட மீன் நாறுது"ன்னு சொல்லிட்டா. சர்ருன்னு தெரு முழுக்கப் பரவிடுச்சு. நாலு நாளா அவர்கிட்ட யாரும் மீன் வாங்கலை. அப்புறம் பார்த்தா நாறுனது மீனே இல்லை, இவ வீட்டுச் சாக்கடை!

சிரிக்கிறியா? அவ அழுதா. அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டா. ஆனா யாரைப் பத்திப் பேசினோமோ அவங்களும் மன்னிக்கணும்ல? அவர் வீட்டுக்கு ஓடுனா. அவரு, "மன்னிச்சுட்டேன் புள்ள. சாக்கடையை மூடுனியா?"ன்னாரு. நல்லதைப் பேசு, இல்லேன்னா சும்மா இருன்னு நம்ம நபி நாயகம் சொல்லியிருக்காங்கல்ல? அதை அன்னைக்குத்தான் அவ மனசுல முடிஞ்சுக்கிட்டா.

அப்புறம் பக்கத்து வீட்டுல கல்யாணம். மணப்பொண்ணு பேரு நிஹாரா. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் நிக்காஹ். பாத்துமுத்து கல்யாண வீட்டுக் கொல்லையில உக்காந்து சர் சர்ருன்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. அப்போ மணப்பொண்ணு அறையிலேருந்து தையல்காரி ஹவ்வாம்மா வெளியே வந்தா. பாவம், புருசன் இல்லாதவ. அந்தத் தெருவுல தைச்சுக் குடுத்துத்தான் அவ வீட்டுல அடுப்பு எரியும். அவ ஒரு துணி மூட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, இங்க பார்த்தா, அங்க பார்த்தா, குடுகுடுன்னு ஓடிட்டா.

கொஞ்ச நேரத்துல வீட்டுக்குள்ள ஒரே கூச்சல். "ஐயோ, காசுமாலையைக் காணோம்!"

பாத்துமுத்து நாக்கு குறுகுறுன்னுச்சு. ம்?

முதல்ல எதிர் வீட்டு மாமி வந்தா. "உனக்குத் தெரியாததா? யாரு எடுத்தா, காதுல சொல்லேன்."

பாத்துமுத்து ஒரு வெங்காயத்தை எடுத்து கரக்குன்னு கடிச்சா. வாய் அடைஞ்சு போச்சு. கண்ணுல தண்ணி கொட்டுது!

அப்புறம் பொண்ணோட உம்மா வந்தாங்க. "அந்த ஹவ்வாம்மா இங்கதானே சுத்துனா? அவதான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

இன்னொரு வெங்காயம். கரக்!

மூணாவதா பொண்ணோட வாப்பா வந்தாரு. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரமாச்சு. நீ பார்த்ததைச் சொல்லும்மா."

வெங்காயத்தைக் கீழ வச்சா. "மாலையை யாரும் எடுத்து நான் பார்க்கலை மாமா. பார்க்காததைச் சொன்னா நாளைக்கு அல்லாஹ்கிட்ட யாரு பதில் சொல்றது? கொஞ்சம் பொறுங்க, இதோ வர்றேன்."

நேரா ஹவ்வாம்மா வீட்டுக்குப் போனா. கதவைச் சாத்திட்டு மெதுவா கேட்டா, "மூட்டையில என்ன புள்ள?"

ஹவ்வாம்மா தயங்கித் தயங்கிப் பிரிச்சா. உள்ள கல்யாண ரவிக்கை! போட்டுப் பார்க்கறப்போ டர்ருன்னு கிழிஞ்சு போச்சாம். "ரெண்டு நாளா இனிப்பு வட்டிலப்பத்தை அளவுக்கு மீறித் தின்னுட்டேன் ராத்தா, யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு நிஹாரா கெஞ்சுனாளாம். அதான் ஒளிச்சு எடுத்துட்டு வந்து தைக்கிறா.

"அப்போ மாலை?"

"எந்த மாலை?"ன்னு ஹவ்வாம்மா முழிச்சா.

அந்த நேரம் வெளியே ஜல்... ஜல்... ஜல்... எட்டிப் பார்த்தா, மேஏஏ! ஆட்டுக்குட்டி ஒண்ணு, கழுத்துல தகதகன்னு காசுமாலை, தெருவுல மாப்பிள்ளை மாதிரி நடந்து வருது! பின்னாடியே பொண்ணோட அஞ்சு வயசுத் தங்கச்சி கை தட்டிக்கிட்டு வர்றா. "இதுக்கும் இன்னைக்குத்தான் கல்யாணம்!"

கல்யாண வீடே விழுந்து விழுந்து சிரிச்சுது. பொண்ணோட உம்மா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஹவ்வாம்மா கையைப் பிடிச்சு, "உன்னைத் தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுடு தாயீ"ன்னாங்க.

ரவிக்கையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துது. அது கிழிஞ்ச சங்கதி இன்னைக்கு வரைக்கும் அந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும்தான், ம்?

நிக்காஹ் முடிஞ்சு சாப்பாடு. ஹவ்வாம்மா ஓரமா நின்னா. பாத்துமுத்து அவ கையைப் பிடிச்சு இழுத்து, தன்னோட பெரிய சஹன் தட்டு முன்னாடியே உக்கார வச்சா. ரெண்டு பேரும் ஒரே தட்டுல பிசைஞ்சு சாப்பிட்டாங்க.

"ராத்தா, நான் மூட்டையோட போனதை நீங்க பார்த்தீங்கள்ல?"

"பார்த்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"உன்கிட்ட மட்டும்தான் கேட்டேன். நீ அந்தக் கறித்துண்டை எடுத்துக்கோ."

ஹவ்வாம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சா. கறித்துண்டையும் எடுத்துக்கிட்டா.

சஹனும் காலி, கதையும் காலி. பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடு என் வாப்பா.