பன்னிரண்டு மூலைக் கட்டில்

முன்னொரு காலத்தில், ராஜா நன்றாகத் தூங்கி எழுந்தால் நல்லதும், தூக்கம் கெட்டால் கெட்டதுமாக நடந்துவந்த ஒரு நாடு இருந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் எல்லோரும் தங்கள் நாடுதான் என்று நினைத்துக்கொள்வார்கள், அது எனக்குச் சௌகரியம்.

ராஜாவின் பெயர் கண்டராயன். பக்கத்து நாட்டு ராஜா ஆறு மூலை வைத்து ஒரு குளம் வெட்டியிருக்கிறார் என்று யாரோ வாய் சும்மா இராமல் அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். நமக்கு எட்டு மூலைக் குளம் வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. நாட்டில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை, குளத்துக்கும் குறைவில்லை. மூலைதான் குறைவாக இருந்ததாம்.

குளத்துக்கு இடம் ஈச்சங்காட்டில் பார்த்தார்கள். நல்ல கரிசல் நிலம், சதுரம் சதுரமான வயல்கள். ஆனாலும் ராஜா நியாயஸ்தர். ஒருவருக்கும் ஒரு முழம்கூட நஷ்டம் ஆகக்கூடாது, எடுத்த நிலத்துக்கு ஈடாக ஆற்றுக்கு அக்கரையில் அதே கயிற்றுக்கு நிலம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் குளத்தின் படித்துறைக்கு என்ன கல் போடலாம் என்று யோசிக்கப் போய்விட்டார்.

அதே கயிறு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். அந்த நாட்டில் நிலத்தை அளப்பது கயிறு சுற்றித்தான். வயலின் வரப்பையொட்டி ஒரு சுற்றுக் கயிறு விட்டு, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்ததும் வெட்டி முடிச்சுப் போடுவார்கள். அந்தக் கயிறுதான் அந்த நிலத்தின் அளவு. மாற்றிடம் கொடுக்கும்போது அதே கயிற்றைப் புது நிலத்தைச் சுற்றிப் போடுவார்கள். கயிறு சேர்ந்துவிட்டால் நிலமும் சரி. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நம்பினார்கள். பட்டாபிஷேகத்தில் பூஜை செய்த கயிறு என்பதால், கயிறு பொய் சொல்கிறது என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கை அறுத்துவிடுவது சட்டமாகவும் இருந்தது.

அளக்கும் பொறுப்பு நில மந்திரி சோமதேவருக்கு. அவருக்கு மைத்துனர்கள் நிறையப் பேர். அக்கரையில் அவர் அளந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஈச்சங்காட்டார் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தங்கள் பழைய கயிற்றைத் தாங்களே பிடித்துச் சுற்றிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. அறுவடைக்குப் பிறகுதான் வயிறு கணக்குக் கேட்டது.

ஊர் சார்பில் சபைக்கு வந்தவள் காத்தாயி. அரண்மனை விகடகவி வேம்பனின் கூடப்பிறந்த அக்கா அவள், ஈச்சங்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். வேம்பன் அன்றும் வழக்கம்போல ராஜாவின் காலடியில் உட்கார்ந்து, அவரைச் சிரிக்கவைத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் மாறியதைச் சோமதேவர் கவனித்துக்கொண்டார். தம்மைப் பற்றி வேம்பன் சொல்லும் வேடிக்கைகளுக்கு ராஜா தொடையைத் தட்டிச் சிரிப்பது அவருக்கு வெகுநாளாகவே தொண்டையில் முள்ளாக இருந்தது.

காத்தாயி சுருக்கமாகத்தான் சொன்னாள். "அதே சனந்தான் சாமி உழுதோம். அதே வெதநெல்லுதான். போன வருசம் குதிரு நெறஞ்சுது. இந்த வருசம் குதிரோட அடிகூட மறையல. புள்ளைங்க ஈச்சங்கெழங்கத் தோண்டித் தின்னுட்டு இருக்குதுங்க."

சோமதேவர் எழுந்தார். நான்கு மூலை நிலத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு மூலை நிலம் கொடுத்திருப்பதாகவும், மூலைக் கணக்கில் பார்த்தால் மூன்று மடங்கு லாபம் என்றும், நன்றிகெட்ட ஜனங்கள் என்றும் விஸ்தாரமாகப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார்: "கயிறு சரியாக இருந்ததா இல்லையா? கயிறு பொய் சொல்கிறது என்கிறாயா, பெண்ணே?"

காத்தாயி வாயைத் திறந்தாள். அவள் ஆமாம் என்று சொல்லக்கூடியவள்தான், சிறுவயது முதல் அவளை அறிந்த வேம்பனுக்கு அது தெரியும். பாய்ந்து குறுக்கே வந்து, "அரசே, இந்த அம்மாள் கயிற்றைக் குறை சொல்லவில்லை. தன் வயிற்றைத்தான் குறை சொல்கிறாள்" என்றான். ராஜா சிரித்தார். சிரிப்பில் அவளுடைய நாக்கு தப்பியது.

சோமதேவர் விடுவாரா? விகடகவி பரிந்து பேசுவதால் குறை என்னவென்று அவரே நிரூபிக்கட்டும் என்றார். கயிற்றுக்கு விரோதமாக ஒரு சொல் வரக்கூடாது, வந்தால் சட்டப்படி நாக்கு. நிரூபிக்காவிட்டால் பொய்ப் புகார் கொடுத்த ஈச்சங்காடு மொத்தமும் எல்லைக்கு வெளியே. ராஜாவுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. தம் பிறந்தநாள் வரை தவணை கொடுத்தார். ஒரு ஊரின் தலைவிதி என்பது அவருக்குப் பிறந்தநாள் விளையாட்டு.

மறுநாளே வேம்பன் அக்கரைக்குப் போனான். காத்தாயி நிலத்தைக் காட்டினாள். நட்சத்திரம் மாதிரி ஆறு கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கையும் நுனியில் கூர்ந்து, இடுக்கில் ஏர்மாடு திரும்பக்கூட இடமில்லாமல் கிடந்தது. கைகளுக்கு நடுவே இருந்த அகலமான நிலமெல்லாம் மந்திரியின் மைத்துனர்களுக்கு. அங்கே அறுத்த நெல் இடுப்புயரம் குவிந்து கிடந்தது.

வேம்பன் ஒரு வாழைநாரை வளையமாக முடிந்து, குச்சிகள் நட்டு மண்ணில் விதவிதமாக மாட்டிப் பார்த்தான். நான்கு குச்சியில் சதுரமாக மாட்டினால் நடுவே இரண்டு தேங்காய் வைக்கலாம். அதையே நீளமாக இழுத்தால் ஒரு முருங்கைக்காய்தான் படுக்கும். மூன்று குச்சிக்கு இடம் குறைந்தது. ஆறு குச்சியைச் சுற்றிலும் சமமாக நட்டு வெளியே தள்ளி மாட்டினால் சதுரத்தைவிட நன்றாகவே அகன்றது. ஆனால் ஒவ்வொரு இரண்டு குச்சிக்கும் நடுவே நாரை உள்ளே குத்திவிட்டால், மூலை பன்னிரண்டு ஆனாலும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் நிற்கவில்லை. நார் என்னவோ அதே நார்தான். எத்தனை மூலை என்பதில் ஒன்றுமில்லை, மூலை உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பதில்தான் சோறு இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. நாரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் இதை வாயால் சொன்னால் நாக்குப் போய்விடும். அதனால் சொல்லவில்லை, செய்தான்.

ராஜாவின் பிறந்தநாளில் யார் எதைக் காணிக்கை வைத்தாலும், சபை பார்க்க ராஜா ஒருமுறை அதை உபயோகித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம். செருப்பு கொடுத்தால் போட்டு நடப்பார், பலகாரம் கொடுத்தால் கடிப்பார். வேம்பனின் காணிக்கை பட்டுப்போர்வை மூடி வந்தது. நான்கு பேர் தூக்கி வந்து சபை நடுவே இறக்கினார்கள். மாட்சிமை தங்கிய மன்னரின் பழைய கட்டிலுக்கு ஈடாக ஒரு புதுக் கட்டில், அதே கயிற்றுக்குச் செய்தது என்று வேம்பன் பணிவாகத் தெரிவித்தான்.

போர்வையை எடுத்தார்கள். தேக்கில் செய்த நட்சத்திரம். ஆறு கைகள், பன்னிரண்டு மூலை, ஒவ்வொரு பக்கமும் இரண்டு முழம். சோமதேவரையே அளக்கச் சொன்னான் வேம்பன். அவருக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது, முகம் வெளுத்தது. இருந்தாலும் சபை பார்க்கிறதே. பழைய கட்டிலைச் சுற்றிய இருபத்துநான்கு முழக் கயிறு புதுக் கட்டிலின் ஓரத்தில் ஏறி இறங்கி வளைந்து, முடிச்சுக்கு முடிச்சு வந்து சேர்ந்தது. சரியாக இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னார்.

ராஜா ஏறிப் படுத்தார். தலைக்கு ஒரு கை, கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு இரண்டு. மிச்சம் இருந்த ஒன்றில் கிரீடத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வேம்பன் யோசனை சொன்னான். முதுகுக்குத்தான் இடமில்லை. தோலுரிக்கக் கட்டிய ஆட்டைப்போல ராஜா விரிந்து கிடந்தார். சற்றுப் பொறுத்துப் புரண்டு படுக்கப் பார்த்தார். இரண்டு கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாகத் தரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

எழுந்தபோது அவர் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் தைரியமில்லை. பழைய கட்டிலில் தாமும் ராணியும் படுத்து, காலடியில் நாயும் படுக்குமே, இதில் ஒருவன் புரள முடியவில்லையே, இது என்ன கட்டில் என்று கத்தினார்.

"அதே கயிறு, அரசே" என்றான் வேம்பன். "பழையதில் நான்கே மூலை. இதில் பன்னிரண்டு. மூன்று மடங்கு லாபம் என்பது மந்திரியார் கணக்கு."

"அப்படியானால் கயிறு பொய் சொல்கிறது!"

சொன்னவர் ராஜா. வேம்பன் மந்திரியைப் பார்த்தான். சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே நின்ற அத்தனை பெரிய மனிதர்களும், ஒருவர் பாக்கியில்லாமல், தங்கள் காதில் எதுவும் விழவில்லை என்ற முகத்தோடு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜா கட்டிலைச் சுற்றி நடந்தார். இடைவெளியில் காலை விட்டுப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார், சோமதேவரைப் பார்த்தார், சபையோரம் நின்ற காத்தாயியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வேம்பனைக் கட்டிப்பிடித்து, என்ன வேண்டுமோ கேள் என்றார். ஈச்சங்காட்டு ஜனங்களுக்கு அவர்களுடைய பழைய வயல்களைப்போலவே நான்கு மூலைச் சதுரமாக நிலம் வேண்டும் என்று வேம்பன் கேட்டான். கொடுத்தோம் என்றார் ராஜா. காத்தாயி அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். வேம்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கதையை இங்கேயே முடித்திருப்பார்கள் என் முன்னோர்கள். அவர்கள் நல்லவர்கள்.

சபை கலைந்தபோது ராஜா சோமதேவரை மட்டும் நிறுத்திக்கொண்டார். தண்டிக்கப்போகிறார் என்று நினைத்து வேம்பன் ஆசையோடு தூண் மறைவில் நின்றான்.

"இப்படியொரு வித்தையை இத்தனை நாள் என்னிடம் மறைத்துவிட்டீரே, மந்திரி" என்று ராஜா மனத்தாங்கலோடு சொன்னார். "அதுவும் மைத்துனர்களுக்காக. புதுக் கால்வாய்க்கு எத்தனை ஊர் நிலம் எடுக்கிறோம்?"

ஆற்றங்கரை ஊர்கள் எல்லாமே என்றார் சோமதேவர். நட்சத்திரக் கைகளுக்கு நடுவில் மிஞ்சும் நிலம் இனி அரண்மனைப் பண்ணைக்கு என்று தீர்மானமாயிற்று. ராஜா மறுபடியும் சிரித்தார். அன்று மாலையே வேம்பன் வீட்டுக்கு ஒரு தங்கக் காப்பு வந்தது. திருப்பி அனுப்பினால் ஈச்சங்காட்டு நிலமும் திரும்பிப் போய்விடும் என்று தெரிந்ததால் அதைப் போட்டுக்கொண்டான். தினமும் போட்டுக்கொண்டு சபைக்குப் போய்ச் சிரிக்கவைத்தான்.

அடுத்த அறுவடைக்குக் காத்தாயி தம்பியைப் புதுநெல் விருந்துக்கு அழைத்தாள். போகும் வழியில் ஆற்றங்கரையில் ஒருவன், கூர்மையான ஒரு வயலின் இடுக்கில் மாட்டைத் திருப்ப முடியாமல் ஏரைக் கழற்றிக் கையால் தூக்கிக்கொண்டிருந்தான். வேம்பனின் காப்பைப் பார்த்ததும் ஏரைக் கீழே வைத்தான்.

"ராசாவுக்குக் கட்டில் செஞ்சு குடுத்தவருதானே நீங்க?"

வேம்பன் ஆமாம் என்றான்.

"என்ன வேணும் கேளுன்னு ராசா கேட்டாராம். எல்லா ஊருக்கும்னு நீங்க கேட்டிருந்தா குடுத்திருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா நீங்க கேக்கலியே, சாமி."

கோபமாகக்கூட அவன் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஏரை மறுபடியும் தூக்கிக்கொண்டான். வேம்பன் அக்கா வீட்டை நோக்கி நடந்தான். அக்கா வீட்டில் அவனுக்கு இலை போட்டு, ஆவி பறக்கப் புதுச்சோறு வைத்தார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டான். அக்கா நம்பிவிட்டாள்.