தட்டான் வராத புதன்கிழமை

“கேள்வியே கேக்க மாட்டேங்குதுங்க டீச்சர்” என்றார் பொன்னுரங்கம்.

“யாரு?”

“உங்க பிள்ளைங்கதான். ஆறு பேரும். மண்ணைப் பத்திச் சொல்றேன், காத்தைப் பத்திச் சொல்றேன். தலையைத் தலையை ஆட்டுதுங்க. ஒரு கேள்வி கிடையாது.”

யாமினி டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

அவர் நகரத்துப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியை. வயது முப்பத்திரண்டு. பொன்னுரங்கத்துக்கு அறுபது. பெயின்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிவியலில் வழிகாட்ட ஆள் வேண்டும் என்று பள்ளியில் கேட்டபோது முதல் ஆளாக வந்து நின்றார். வேதியியல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிள்ளைகள் விஷயம் அப்படியில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அதனால் யாமினி டீச்சரை குருவாக வைத்துக்கொண்டார். தன் மகளைவிட இளையவரை குரு என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை. கோபம்தான் அடிக்கடி வரும்.

டீச்சர் டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார்.

“ஒவ்வொரு வகுப்பு முடிஞ்சதும் எத்தனை கேள்வி வந்துச்சுன்னு இதுல எழுதுங்க சார்.”

“எழுதினா?”

“எழுதுங்க.”

இதற்கு ஒரு குரு வேண்டுமா என்று முணுமுணுத்தபடி பொன்னுரங்கம் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

பள்ளிக்குப் பின்னால் ஒரு குட்டை. அதற்கு அந்தப் பக்கம் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. நடுவில் கம்பிவேலி.

அந்தக் குட்டையில்தான் பிள்ளைகளின் ஆய்வு. தினமும் காலை எட்டு மணிக்குக் கால் மணி நேரம் நின்று, தண்ணீர் மேல் பறக்கும் தட்டான்களை எண்ண வேண்டும். எண்ணியதை எழுத வேண்டும். ஆறு வாரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் இருந்து கொசுப்புழுவைத் தின்னும். இறக்கை முளைத்த பிறகு கொசுவையே பிடித்துத் தின்னும். அதனால் தட்டான்மேல் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை.

ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை நகர அளவில் அறிவியல் போட்டி. இந்தப் பள்ளியிலிருந்து ஒரு குழு அதற்குப் பெயர் கொடுத்திருப்பது இதுதான் முதல் தடவை. குழுத் தலைவி தில்ஷாத். வழிகாட்டி என்ற இடத்தில் பொன்னுரங்கத்தின் கையெழுத்து.

ஆறாவது வாரம் புதன்கிழமை. பால் வாங்கப் போன பொன்னுரங்கம் குட்டைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மணி எட்டு இருபது. பிள்ளைகள் யாரும் இல்லை. நல்ல வெயில். அரை மணி நேரம் நின்றார்.

ஒரு தட்டான்கூட இல்லை.

மாலையில் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்த்தார். புதன்கிழமைக் கட்டத்தில், தில்ஷாத்தின் முத்து முத்தான கையெழுத்தில், இருபத்தொன்று என்று இருந்தது.

*

“வாபஸ்!” என்றார் பொன்னுரங்கம், மறுநாள் ஆசிரியர் அறைக்குள் கால் வைக்கும்போதே. “போட்டியிலேருந்து பேரை வாபஸ் வாங்கிடுங்க டீச்சர். என் கையெழுத்தை அடிச்சிடுங்க.”

“என்ன ஆச்சு சார்?”

“என் கண்ணால பார்த்தேன். குட்டையில ஒண்ணுகூட இல்லை. இருபத்தொண்ணுன்னு எழுதி வெச்சிருக்காங்க. அங்க போகவே இல்லை, வீட்ல உக்காந்து எழுதியிருக்காங்க. லேப்ல ஒரு நம்பர் பொய்யின்னா மொத்தத்தையும் கொட்டிடுவோம். ஆறு வாரத்து நோட்டும் குப்பை!”

“நோட்டு கொண்டு வந்திருக்கீங்களா?”

“இதோ.”

“இது அவங்க நோட்டு. உங்களோடது?”

பொன்னுரங்கம் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். டீச்சர் புரட்டினார்.

“போன வெள்ளிக்கிழமை ஒண்ணுன்னு இருக்கே. என்ன கேட்டாங்க சார்?”

“அது...”

“சொல்லுங்க.”

“தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா சார்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு.”

“செவ்வாய்க்கிழமை ரெண்டு.”

“மணி என்ன சார்னு ஒரு பையன்.”

“இன்னொண்ணு?”

பொன்னுரங்கம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“புரிஞ்சுதான்னு கேட்டது. அது நான்தான் கேட்டேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை. இரண்டு நோட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அவர் கையில் கொடுத்தார். பிறகு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

பொன்னுரங்கத்துக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இப்படி ஓர் அவமானத்தை அவர் பட்டதே இல்லை. அதுவும் சத்தமே இல்லாமல்.

*

வகுப்பில் ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். அவர் முகத்தைப் பார்த்ததுமே திட்டு விழப்போகிறது என்று தெரிந்துவிட்டது. தில்ஷாத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னுரங்கம் தன் நோட்டைப் பிரித்தார்.

“நீங்க எத்தனை கேள்வி கேட்டீங்கன்னு தினமும் எழுதிட்டு வர்றேன். போன வெள்ளிக்கிழமை ஒண்ணுன்னு எழுதியிருக்கேன். அது பொய். அன்னைக்கு யாரும் ஒண்ணும் கேக்கலை.”

பேனாவால் அடித்தார். பக்கத்தில் சைபர் போட்டார்.

“செவ்வாய்க்கிழமை ரெண்டு. அதுவும் பொய்.”

“சார், அன்னைக்கு மணி கேட்டது நான்தான் சார்!” என்றான் எபினேசர்.

“அதெல்லாம் கணக்குல வராதுடா.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தில்ஷாத் மட்டும் சிரிக்கவில்லை. அவரையே பார்த்தாள். அடித்த எண்ணைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்தாள்.

“சார், நாங்க தினமும் போனோம் சார். ஒருநாள்கூட விடலை. மழையிலகூட குடை பிடிச்சிட்டு நின்னோம்.”

“அப்போ நேத்து இருபத்தொண்ணு எப்படிம்மா?”

“நேத்து ஒண்ணும் வரலை சார்.” அவள் அழுதுவிட்டாள். “ஜீரோன்னு எழுதினா, நாங்க போகவே இல்லைன்னு நினைப்பீங்க. அதான் முந்தின நாள் நம்பரையே எழுதிட்டேன்.”

பொன்னுரங்கம் நினைத்தார்தான். அதைத்தான் நினைத்தார். 

“இதே மாதிரி எத்தனை நாள்?”

“பொய்யா எழுதின நாளுக்கெல்லாம் கட்டத்து ஓரத்துல பென்சில்ல ஒரு புள்ளி வெச்சிருக்கேன் சார். சும்மா விட மனசு வரலை.”

அவர் பேனாவை அவளிடம் கொடுத்தார்.

நோட்டில் ஒரு வாரத்துக்கு ஒரு வரிசை, ஒரு நாளுக்கு ஒரு கட்டம். தில்ஷாத் ஒவ்வொரு புள்ளியாகத் தேடிப் பிடித்து, எண்ணை அடித்து, பூஜ்ஜியம் போட்டுக்கொண்டே வந்தாள். மற்ற ஐந்து பேரும் மேசையைச் சுற்றி வந்து தலையை நீட்டினார்கள்.

“சார்!” என்று எபினேசர் கத்தினான். “ஜீரோ எல்லாம் ஒரே நேரா இறங்குது சார்!”

ஐந்து பூஜ்ஜியம். ஒன்றின்கீழ் ஒன்றாக. எல்லாமே புதன்கிழமை.



“நாலாவது வாரம் புதன்கிழமை மட்டும் பதினெட்டுன்னு இருக்கே?” என்றார் பொன்னுரங்கம்.

“அது நெஜம் சார். அன்னைக்கு நெஜமாவே பதினெட்டு.”

“புதன்கிழமை என்ன நடக்குது?”

“புதன்கிழமை ஒண்ணும் இல்லையே.”

“செவ்வாய்க்கிழமை! செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அபார்ட்மென்ட்ல கொசுப் புகை அடிக்கிறாங்கல்ல!”

“நாலாவது வாரமும் அடிச்சிருப்பாங்களே?”

“இல்லடா! அந்தச் செவ்வாய்க்கிழமை செம மழை! டியூஷன் போறப்போ தொப்பலா நனைஞ்சேன். புகை மெஷின் வரவே இல்லை!”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. கொசுவுக்கு அடிக்கிற புகை கொசுவைத் தின்பதையும் சேர்த்து விரட்டுகிறதா? தட்டான் செத்துப்போகிறதா, ஓடிப்போகிறதா? வியாழக்கிழமை மறுபடியும் நாலு வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? தண்ணீருக்குள் இருக்கிற குஞ்சுக்கு என்ன ஆகும்? காற்று எதிர்ப்பக்கம் அடித்தால்?

“தெரியலை” என்றார் பொன்னுரங்கம். “அதுவும் தெரியலை. இருங்க, ஒவ்வொருத்தரா கேளுங்க. அது எனக்குச் சுத்தமா தெரியாது!”

இத்தனை தெரியாதுகளை ஒரே மூச்சில் அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். சின்னப் பையன்போல மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“ஆனா ஒண்ணு. அந்த ஒரு வாரத்தை மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது. புகை இல்லாததாலயும் தட்டான் இருந்திருக்கலாம், மழை பெய்ஞ்சதாலயும் இருந்திருக்கலாம்.”

எல்லார் முகமும் சுருங்கியது.

“அப்போ, மழை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை புகை அடிக்காம இருந்தா தெரிஞ்சிடும்ல சார்?” என்று கேட்டாள் தில்ஷாத்.

பொன்னுரங்கம் மேசையிலிருந்து குதித்தார்.

குடியிருப்பின் செயலாளர் வீட்டுக் கதவை அரை மணி நேரத்தில் ஏழு பேர் தட்டினார்கள். அவர் நோட்டைப் பார்த்தார், நேராக இறங்கும் பூஜ்ஜியங்களைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார்.

“ஒரே ஒரு வாரம் புகையை நிறுத்தறேன். கொசு கடிச்சுதுன்னா எல்லாரையும் உங்க வீட்டுக்குத்தான் அனுப்புவேன்.”

திரும்பி வரும் வழியில் எபினேசர் நின்றான்.

“சார், புகை அடிக்காமலே அன்னைக்கும் ஒண்ணும் வரலைன்னா? வெள்ளிக்கிழமை போட்டியில என்னா சொல்றது?”

பொன்னுரங்கம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தில்ஷாத் முந்திக்கொண்டாள்.

“ஜீரோன்னு சொல்லுவோம்டா.”

*

செவ்வாய்க்கிழமை மழை இல்லை. புகையும் இல்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே பொன்னுரங்கம் குட்டையோரம் வந்துவிட்டார். ராத்திரி சரியாகத் தூங்கியிருக்கவில்லை. ஏழே முக்காலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். யாமினி டீச்சரும் வந்து வேலியோரமாக நின்றுகொண்டார்.

எட்டு மணி.

தண்ணீர் மேல் ஒன்றும் இல்லை.

எட்டு இரண்டு. ஒன்றும் இல்லை. எபினேசர் நகத்தைக் கடித்தான். பொன்னுரங்கத்துக்கு யாராவது ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது. 

“அதோ” என்றாள் தில்ஷாத், மெதுவாக.

வேலிக் கம்பிமேல் ஒரு சிவப்புத் தட்டான்.

அப்புறம் கோரைப்புல்லிலிருந்து இரண்டு. எதிர்க்கரையில் மஞ்சளாக நாலைந்து. தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தது ஒன்று. வெயில் ஏற ஏற வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, கத்தினால் பறந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினார்கள். பொன்னுரங்கம் விரல் விட்டு எண்ணினார்.  அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எட்டே கால்.

“பதினேழு!” என்றார் அவர். “எழுதும்மா, பதினேழு!”

“பதினாறு சார்.”

“நான் எண்ணினேனே.”

“அந்தச் சிவப்பு, வேலியிலேருந்து போய் எதிர்ல இருக்கிற கல்லுமேல உக்காந்துச்சு சார். நீங்க ரெண்டு இடத்துலயும் எண்ணிட்டீங்க.”

பொன்னுரங்கம் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் தட்டான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு தட்டான்தானேம்மா” என்று ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமைக்கு ஒன்று கூடுதலாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

தில்ஷாத் தலை நிமிர்ந்தாள். போன வாரம் இவர் முன்னால் அழுத அதே பெண். இப்போது அவள் கண்ணில் பயம் என்பதே இல்லை.

“சந்தேகமா இருந்தா இன்னொரு தடவை எண்ணிடலாம் சார். நீங்க கொஞ்சம் பின்னால போங்க. உங்க நிழல் தண்ணி மேல விழுது.”

பொன்னுரங்கம் பின்னால் போனார்.